சிகாகோவிலிருந்து சாந்தா மொனிக்கா வரை: ஓய்வுபெற்ற லொறிச் சாரதியான அப்பாவுடன் ரூட் 66 பயணத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் போதுமா?

தலவாக்கலை மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எதிர்வரும் செப்டெம்பர் மாத இறுதியில் என் அப்பாவை அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குச் செல்லவிருக்கிறேன். தம்பி சிகாகோவில் வேலை செய்கிறான். அங்கே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, பழைய ரூட் 66 நெடுஞ்சாலை வழியாகக் கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா கடற்கரை வரை மூவரும் செல்வதென்று தீர்மானித்திருக்கிறோம். தம்பிக்குப் பன்னிரண்டு நாட்கள்தான் விடுமுறை கிடைத்திருக்கிறது. அதற்குள் இந்தப் பயணத்தை நிறைவாகச் செய்ய முடியுமா, முடியாதென்றால் எந்தப் பகுதியை விடுவது என்பதே என் முதற்கேள்வி.

எதற்காக இந்தச் சாலை என்று நீங்கள் கேட்கலாம். அப்பாவுக்கு இப்போது 64 வயது. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் லொறி ஓட்டியவர். காலையில் மலையிலிருந்து கொழுந்தை ஏற்றி ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொண்டுவருவார்; பிற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளுடன் கொழும்புக்கும் போய்வந்தார். அந்த நாட்களில் தோட்டத்துக் காரியாலயச் சுவரில் ஒரு பழைய நாட்காட்டி தொங்கியதாம். அதன் படத்தில், இருபுறமும் காய்ந்த புல்வெளியோடு, நடுவில் வளைவே இல்லாத ஒரு சாலை வானத்தைத் தொடும் இடம்வரை நீண்டு கிடந்ததாம். சம்பளத்துக்காக வரிசையில் நிற்கும்போதெல்லாம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். ஸ்டியரிங்கைத் திருப்பாமல் பத்து நிமிடம் வண்டி ஓட்டினால் எப்படி இருக்கும் என்பது அவர் மனதில் வெகுகாலமாக இருக்கும் கேள்வி. அம்மா காலமான பிறகு அவர் எதையும் விரும்பிக் கேட்டதில்லை. ஆகவே இந்தப் பயணத்தை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்பதில் எனக்கும் தம்பிக்கும் மிகுந்த அக்கறை உண்டு.

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு அப்பாவும் சிறிது தூரம் ஓட்ட அனுமதி உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன். அவர் ஓட்டாமல் பின் ஆசனத்தில் உட்கார்ந்து வந்தால் இந்தப் பயணத்துக்கு அர்த்தமே இருக்காது. அத்துடன் அவர் இறைச்சி உண்பதில்லை. வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.


பண்டாரவளைப் பயணி எழுதியது:

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நான் பண்டாரவளையில் பிறந்து வளர்ந்து, இப்போது டெக்சாசில் வசிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியுடன் ரூட் 66ஐ முழுமையாக, பதினாறு நாட்களில் கடந்தேன். உங்கள் அப்பாவின் நாட்காட்டிக் கதையைப் படித்ததும் சற்று விரிவாகவே எழுதத் தோன்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ரூட் 66 என்ற பெயரில் இன்று ஒரே தொடர்ச்சியான நெடுஞ்சாலை கிடையாது. 1926 நவம்பர் 11 அன்று அமெரிக்க நெடுஞ்சாலை வலைப்பின்னல் உருவானபோது, ஏற்கெனவே இருந்த கிராமத்துச் சாலைகளையும் வண்டிப் பாதைகளையும் நகரங்களின் பிரதான வீதிகளையும் ஒன்றாகக் கோத்து, அதற்கு 66 என்ற இலக்கத்தைக் கொடுத்தார்கள். இல்லினோய், மிசூரி, கன்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிபோர்னியா ஆகிய எட்டு மாநிலங்கள் வழியாக அது 2,448 மைல், அதாவது ஏறத்தாழ 3,940 கிலோமீற்றர் சென்றது. முழு நீளத்துக்கும் தளமிட்டு முடிக்க 1938 வரை ஆயிற்று. 1956இன் நெடுஞ்சாலைச் சட்டத்துக்குப் பின்னர் அகன்ற அதிவேகப் பாதைகள் ஒவ்வொரு பகுதியாக வந்து பழைய சாலையை ஒதுக்கிவிட்டன. அப்படிக் கடைசியாக ஒதுக்கப்பட்ட ஊர் அரிசோனாவின் வில்லியம்ஸ்; அது நடந்தது 1984இல். அடுத்த ஆண்டே அந்த இலக்கம் அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது. பழைய வழியில் ஏறத்தாழ 85 வீதம் இன்னும் ஓட்டக்கூடிய நிலையில் இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் அந்த 85 வீதம் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. ஓர் இடத்தில் அது ஊரின் கடைத்தெருவாகவும், இன்னோர் இடத்தில் அதிவேகப் பாதையை ஒட்டி ஓடும் பக்கச் சாலையாகவும் இருக்கும். வேறோர் இடத்தில் புல் முளைத்து, வேலிக் கம்பியோடு முடிந்துவிடும்.

ஆகவே கைபேசியில் உள்ள வழிகாட்டியை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள். சேருமிடத்தைப் பதிந்தவுடன் அது உங்களை அதிவேகப் பாதைக்குத்தான் அனுப்பும். பழைய சாலை ஐம்பது அடி தூரத்தில் இணையாக ஓடினாலும் காட்டாது. ஒவ்வொரு திருப்பத்தையும் குறித்துக் காட்டும் அச்சு வரைபடத் தொகுதி ஒன்றை வாங்கி, முன் ஆசனத்தில் இருப்பவர் மடியில் வைத்துக்கொண்டு வழி சொல்ல வேண்டும். பழைய வழியைக் காட்டும் மண்ணிறப் பலகைகள் பெரும்பாலான இடங்களில் துணை செய்யும். சில இடங்களில் அவற்றையும் களவாடிச் சென்றிருக்கிறார்கள்.

உங்கள் கணக்குக்கு வருவோம். 3,940 கிலோமீற்றரைப் பன்னிரண்டால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர் வரும். கண்டியிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு எழுபத்தைந்து கிலோமீற்றரைக் கடக்கவே மூன்று மணி நேரம் எடுத்துப் பழகிய நமக்கு அது மலைப்பாகத் தோன்றும். அமெரிக்க அதிவேகப் பாதையில் அது மூன்றரை மணி நேர வேலை. பழைய சாலையில் ஊருக்கு ஊர் நின்று சென்றால் அதுவே முழு நாளையும் தின்றுவிடும். பன்னிரண்டு நாளில் முழுச் சாலையையும் பிடிக்க நினைத்தால் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரவு ஏழுக்கு மோட்டெலைத் தேடும் பயணமாகிவிடும். அப்பாவுக்கும் இடுப்பு வலிதான் மிஞ்சும். என் ஆலோசனை, சிகாகோவிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் செல்லும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயிலில் ஏறி, ஓர் இரவைக் கழித்து, மறுநாள் பிற்பகல் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் இறங்கி, அங்கிருந்து காரை எடுப்பதுதான். அமெரிக்க மேற்கின் சிறந்த பகுதிகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இனி நேர்ச்சாலையைப் பற்றிச் சொல்கிறேன். நாட்காட்டியில் இருந்தது எந்த இடமோ, ஆனால் அப்படிப்பட்ட காட்சி அரிசோனாவின் செலிக்மனுக்கும் கிங்மனுக்கும் இடையில் உறுதியாகக் கிடைக்கும். அங்கே அதிவேகப் பாதை தெற்கே விலகிச் சென்றுவிட்டதால், பழைய சாலையில் வாகனங்கள் மிகக் குறைவு. ஹுவலபாய் என்ற பூர்வகுடி மக்களின் பீச் ஸ்பிரிங்ஸ் ஊரைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால், பள்ளத்தாக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சாலை கயிறு கட்டி இழுத்ததுபோல் கிடப்பதைப் பார்க்கலாம். தொலைவில் ஒரு சரக்கு ரயில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பெட்டிகளோடு, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருக்கும். நாங்கள் காரை ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்தினோம். காற்றின் ஓசையைத் தவிர வேறு ஒன்றுமில்லை. அந்த இடத்தில் ஸ்டியரிங்கை அப்பாவிடம் கொடுங்கள்.

அதேவேளை ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் மலைநாட்டுச் சாரதிகளுக்கு நேர்ச்சாலைதான் ஆபத்தானது. வளைவுக்கு வளைவு கையும் காலும் கண்ணும் வேலை செய்தே பழகியவருக்கு, செய்வதற்கு ஒன்றுமில்லாத சாலையில் அரை மணி நேரத்திலேயே கண் சொருகும். டெக்சாசில் எனக்கு அது நேர்ந்தது. மனைவி தோளைத் தட்டியபோது சில்லுகள் ஓரத்துச் சரளைக் கற்களில் உருண்டுகொண்டிருந்தன. மணிக்கொரு தடவை இறங்கி நடக்க வேண்டும் என்பதைக் கட்டாய விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவுகளும் உண்டு. கிங்மனுக்கு மேற்கே சிட்கிரீவ்ஸ் கணவாயைத் தாண்டி ஓட்மன் என்ற பழைய தங்கச் சுரங்க ஊருக்கு இறங்கும் பகுதி, இறம்பொடை வளைவுகளை அப்படியே நினைவூட்டும். உயரம் ஏறத்தாழ 1,080 மீற்றர்தான். ஆனால் சாலை ஒடுக்கமானது, ஓரத்தில் பல இடங்களில் தடுப்பே கிடையாது, நாற்பது அடி நீளத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பழைய காலத்துக் கார்களில் பெற்றோல் பம்பு இல்லாததால், செங்குத்தான ஏற்றத்தில் தாங்கியிலிருந்து எரிபொருள் இயந்திரத்துக்கு வராது. அதனால் பலர் காரைத் திருப்பி, பின்னோக்கிச் செலுத்தியே அந்த மலையை ஏறினார்கள். இதை அப்பாவிடம் சொல்லுங்கள். அதன் சூட்சுமம் அவருக்கு உடனே விளங்கும்.

குளிர் உடுப்பு அவசியம். கொடிக்கம்பம் என்ற பொருளுடைய ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவின் 1,868 மீற்றரும் பட்டிப்பொல ரயில் நிலையத்தின் 1,898 மீற்றரும் அதற்குக் கீழேதான். செப்டெம்பர் இறுதியில் இரவுக் குளிர் நடுக்கிவிடும். அங்கிருந்து ஒரே நாளில் இறங்கி மொஹாவி பாலைவனத்துக்குள் நுழைந்தால் கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிய வேண்டியிருக்கும். பாலைவனத்தில் ஆளுக்கு நான்கு லீற்றர் தண்ணீர் காரில் இருக்கட்டும். அந்தப் பாலைவனத்தில் அம்போய் என்ற ஊரைச் சூழ்ந்த பகுதியில் மழை வெள்ளத்தால் பழைய மரப்பாலங்கள் சேதமடைந்து சாலை அவ்வப்போது மூடப்படுவதால், புறப்படுமுன் சான் பெர்னாடினோ மாவட்ட நிர்வாகத்தின் வீதி அறிவிப்புகளைப் பாருங்கள்.

சாப்பாடு பெரிய பிரச்சினையாக இருக்காது. நியூ மெக்சிகோவில் அவித்த பயறும் டோட்டியா ரொட்டியும் மிளகாய்க் குழம்பும் எல்லாச் சிற்றுண்டிச் சாலைகளிலும் உண்டு. ‘சிவப்பா, பச்சையா?’ என்று பரிமாறுபவர் கேட்பார். எந்த மிளகாய்க் குழம்பு வேண்டும் என்பதே அதன் பொருள். ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அது பிடித்துப்போகும். இறைச்சி கலக்காத குழம்பா என்பதையும் பயறில் பன்றிக் கொழுப்பு சேர்க்கவில்லை என்பதையும் ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.


ஹட்டன் சாரதி எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். நான் சுற்றுலா வாகனம் ஓட்டுபவன். மகளின் வீட்டுக்குச் சென்றபோது அமெரிக்காவில் இரண்டு மாதம் கார் ஓட்டிய அனுபவம் உண்டு. அனுமதிப்பத்திரம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பாவின் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு கொழும்பிலுள்ள இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்தில் சர்வதேச அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அது ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் அது தனித்துச் செல்லுபடியாகாது. மூல அனுமதிப்பத்திரமும் கையில் இருக்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுவதால் இரண்டையும் சேர்த்தே வைத்திருப்பது நல்லது.

கார் வாடகை ஒப்பந்தத்தில் அப்பாவின் பெயரை இரண்டாவது சாரதியாகப் பதிவு செய்யாமல் அவரிடம் வண்டியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விபத்து ஒன்று நடந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும். ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் காரை விட்டுச் செல்வதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அது பல நூறு டொலர் வரை செல்லக்கூடும். நான் வாடகைக்கு எடுத்த இடத்தில் அதை முன்கூட்டிச் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் சொன்னார்கள். ஆகவே மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கே வலப்புறமாகச் செல்ல வேண்டும். ஸ்டியரிங் இடப்புறம் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது தவறு வராது. முன்னால் வண்டிகள் போகும்; அதைப் பார்த்துப் போய்விடுவோம். பெற்றோல் அடித்துவிட்டு யாருமில்லாத சாலைக்குத் திரும்பும் அந்த நிமிடத்தில்தான் கை பழக்கத்துக்கு இடப்பக்கம் இழுக்கும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆனது. பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் ‘வலப்பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் சிவப்பு விளக்கு போட்டு நின்றால், சாலையின் நடுவே பிரிப்பு இல்லாத இடங்களில் எதிரே வருபவரும் நிற்க வேண்டும். பொலிஸ் வாகனம் பின்னால் விளக்கு போட்டால் வலப்புறம் ஒதுங்கி நிறுத்தி, காரை விட்டு இறங்காமல் இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்திருக்க வேண்டும். நம் ஊரில் மரியாதைக்காக இறங்கிப் போவோம். அங்கே அது ஆபத்து. அப்பாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.


மாத்தளை ஆசிரியர் எழுதியது:

மகளே, உன் கடிதத்தைப் படித்து மகிழ்ந்தேன். பண்டாரவளைப் பயணி அவர்கள் எழுதியவை பயனுள்ளவை. ஆனால் ரயிலில் அல்புகர்க்கி வரை சென்று ஒக்லஹோமாவை விட்டுவிடச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நான் என் மகனோடு ஒக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியா வரை இந்தச் சாலையில் சென்றிருக்கிறேன். மேற்கில் நிலக்காட்சி அழகானது என்பது உண்மை. ஆனால் இந்தச் சாலை எதற்காக மக்களின் நினைவில் நின்றதோ அந்தக் காரணம் ஒக்லஹோமாவில் இருக்கிறது.

1930களில் அந்தச் சமவெளிகளில் மழை பொய்த்தது. புல்லை உழுது கோதுமை விதைத்த மண், பிடிமானம் இழந்து புழுதிப் புயலாக எழுந்தது. அத்துடன் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. கடனுக்கு நிலத்தைப் பறிகொடுத்தவர்களும், குத்தகை நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் மெத்தைகளையும் சட்டி பானைகளையும் பழைய கார்களின் மேல் கட்டிக்கொண்டு, கலிபோர்னியாவின் தோட்டங்களில் பழம் பறிக்கும் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் இந்தச் சாலையில்தான் மேற்கே சென்றார்கள். அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு என்ன தெரியுமா? 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பொலிஸார் மாநில எல்லைகளுக்கே சென்று நின்று, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். சொந்த நாட்டின் குடிமக்களையே, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குள் வரக்கூடாதென்று தடுத்தார்கள்.

இதைப் படித்தபோது என் மனதில் எழுந்ததை நீ ஊகித்திருப்பாய். 2023இல் நம் மலையக மக்கள் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்காக இந்த மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணத்தில், கடைசி மூன்று நாட்கள் நானும் நடந்தேன். நம் முன்னோர் காட்டு வழியே கூட்டங்கூட்டமாக நடந்துவந்த பாதையின் தடத்தில் அது சென்றது. வழியில் ஒரு பெரிய மரத்தடியில் அமர்ந்திருந்தபோது, என்னோடு நடந்த ஒரு மூதாட்டி, தன் பாட்டியின் பாட்டி கொண்டுவந்த பித்தளைச் செம்பு இன்னும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டில் இருக்கிறது என்று சொன்னார். ஒக்லஹோமாவின் கிளின்டன் நகரத்தில் உள்ள ரூட் 66 அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்த அன்று முழுவதும் அந்தச் செம்பே என் நினைவில் இருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, நம்மில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964இன் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹட்டன் ரயில் நிலையத்தில் அழுது பிரிந்த குடும்பங்களில் பிறந்த நாம், அந்தச் சாலையை வெறும் சுற்றுலாப் பாதையாகப் பார்க்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சாலை எல்லோருக்கும் ஒரேமாதிரி திறந்திருக்கவில்லை. இது கடந்து சென்ற மாவட்டங்களில் ஏறத்தாழப் பாதியில், கறுப்பின மக்கள் பொழுது சாய்ந்த பின் தங்கக்கூடாது என்ற எழுதாச் சட்டம் கொண்ட ஊர்கள் இருந்தன. நியூயோர்க்கைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர், கறுப்பினப் பயணிகள் எங்கே படுக்கலாம், எங்கே உண்ணலாம், எங்கே எரிபொருள் வாங்கலாம் என்று தொகுத்து 1936 முதல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். ஒக்லஹோமாவின் லூதர் ஊருக்கு அருகில், கறுப்பினக் குடும்பம் ஒன்று நடத்திய எரிபொருள் நிலையத்தின் மணற்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. சாலையோரத்தில் சிறிய கட்டடம்; கவனிக்காவிட்டால் கடந்துபோய்விடுவீர்கள். நிறுத்திப் பாருங்கள்.

அதே மாநிலத்தில், மயாமி என்ற ஊருக்கும் அஃப்டனுக்கும் இடையில் 1922இல் போட்ட ஒன்பது அடி அகலச் சாலைத் துண்டு இருக்கிறது. எதிரே ஒரு வண்டி வந்தால் இருவருமே ஒரு பக்கத்துச் சில்லுகளை மண்ணில் இறக்கித்தான் விலக வேண்டும். நான் இறங்கி அடி வைத்து அளந்து பார்த்தேன். இரண்டு ஓரங்களிலும் பதித்திருந்த கொங்கிரீட் விளிம்பு இன்னும் நேராக இருந்தது. முப்பத்தொரு ஆண்டு தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறி ஓட்டியவருக்கு அந்தச் சாலையைக் காட்டாமல் போவது நியாயமில்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் அதில் இறங்க வேண்டாம்.

கடைசியாக, செலிக்மனில் தேநீர் குடிக்க மட்டும் நின்றுவிட்டுப் போகாதே. 1978இல் அதிவேகப் பாதை திறந்த அன்றே அந்த ஊரின் வாகன ஓட்டம் நின்றுபோனது. அங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடியோ என்பவர், தம் ஊர் செத்துப்போக விடமாட்டேன் என்று ஊராரைக் கூட்டி, 1987இல் சங்கம் அமைத்து, பழைய சாலைக்கு ‘வரலாற்று ரூட் 66’ என்ற அங்கீகாரத்தை மாநிலத்திடமிருந்து பெற்றார். இன்று எட்டு மாநிலங்களிலும் உள்ள சங்கங்களுக்கு அதுவே முன்மாதிரி. அவருடைய கடை இன்னும் அந்தத் தெருவில் இருக்கிறது. நியூ மெக்சிகோவில் பூர்வகுடி மக்கள் வாழும் பியூப்லோ கிராமங்களுக்குள் சென்றால், அனுமதி கேளாமல் வீடுகளையோ மனிதர்களையோ படம் எடுக்க வேண்டாம். நம் லயங்களுக்கு முன்னால் வந்து நின்று, கேட்காமல் படம் எடுப்பவர்களைப் பார்த்து நமக்கு எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும்.


தலவாக்கலை மகள் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இவை அனைத்தையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பின்னோக்கி மலையேறிய செய்தியைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எண்பதுகளில் ஒரு மாரிகாலத்தில் முன் கியர் ஏறாமல்போன பழைய லொறியை அவரும் ஸ்டோர் மேட்டில் அப்படித்தான் ஏற்றினாராம். ரிவர்ஸ் கியருக்குத்தான் இழுவை அதிகம் என்று எனக்குக் கையால் செய்து காட்டினார். இத்தனை ஆண்டுகளில் அவர் இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

தம்பியுடன் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். ரயில் யோசனை எங்களுக்குப் பிடித்திருந்தாலும், ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு ஒக்லஹோமாவை விட மனம் வரவில்லை. எனவே சிகாகோவின் அடம்ஸ் வீதியில் தொடக்கப் பலகையைப் பார்த்துவிட்டு, இல்லினோய், மிசூரி மாநிலங்களை அதிவேகப் பாதையிலேயே இரண்டு நாளில் கடந்துவிடுவோம். இடையில் செயின்ற் லூயிசில், மிசிசிப்பி ஆற்றின் நடுவே வளையும் பழைய செயின் ஒஃப் ரொக்ஸ் பாலத்தில் மட்டும் நடந்து பார்ப்போம். கன்சாசிலிருந்து பழைய சாலை. மீதி பத்து நாட்களும் அதற்கே. டெக்சாசின் ஏட்ரியனில், இரு முனைகளுக்கும் 1,139 மைல் என்று எழுதிய பலகைக்கு முன்னால் அப்பாவை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று தம்பி சொல்கிறான்.

எனக்கு இருக்கும் ஒரே பயம் ஓட்மன் இறக்கம். அந்தப் பகுதியையும் தானே ஓட்டப் போவதாக அப்பா சொல்கிறார். வாடகைக் கார் தானியங்கிக் கியர் உள்ளதாக இருக்கும். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு வாகனத்தை ஓட்டியதில்லை. அனுமதிக்கலாமா?


பண்டாரவளைப் பயணி எழுதியது:

ஆசிரியர் ஐயா எழுதியது சரி. ஒக்லஹோமாவைப் பற்றி நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். உங்கள் புதிய திட்டம் என்னுடையதைவிட நல்லது. டெக்சாஸைக் கடந்ததும் நியூ மெக்சிகோவின் டுகம்காரியில் ஓர் இரவு தங்குங்கள். அங்கே 1939 முதல் இயங்கும் புளூ ஸ்வாலோ மோட்டெலில் அறைகளை ஒட்டியே கார் நிறுத்தும் கொட்டில்கள் உண்டு. படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வண்டியும் நிற்பது அப்பாவுக்குப் பிடிக்கும். அறைகள் குறைவு என்பதால் இப்போதே பதிவு செய்யுங்கள்.

ஓட்மன் விடயத்தில், அப்பாவை அனுமதியுங்கள் என்றே சொல்வேன். ஆனால் அதற்கு முந்திய நாட்களில் அவர் அந்தக் காரைப் பழகியிருக்க வேண்டும். ஒக்லஹோமாவின் கிராமச் சாலைகளில் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓட்டட்டும். முதல் நாள் இடக்கால் கிளட்சைத் தேடிப் போய்ப் பிரேக்கை மிதிக்கும். ஆகவே இடக்காலை ஆசனத்தின் அடியில் மடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இறக்கத்தில் கியர்த் தண்டை ‘டி’யிலேயே விட்டுவிட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் பிரேக் சூடேறிவிடும். ‘எல்’ என்றோ எண்களாலோ குறித்திருக்கும் தாழ்ந்த கியருக்கு மாற்றி இயந்திரத்தின் பிடிப்பில் இறங்க வேண்டும். அது எந்தக் காரில் எப்படி மாறும் என்பதைக் காரை எடுக்கும்போதே கேட்டுப் பாருங்கள். லொறிச் சாரதிக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் மாற்றுவது என்பதைக் காட்டினால் போதும்.

கிங்மனில் இரவு தங்கி, காலை எட்டு மணிக்குள் மலையடிவாரத்துக்குப் போய்விடுங்கள். அப்போது எதிரே வாகனம் அதிகம் வராது. மேற்கு நோக்கிச் செல்வதால் வெயிலும் முதுகுப் பக்கம்தான் இருக்கும். ஓட்மன் தெருவில் சுரங்கத் தொழிலாளர்கள் விட்டுச்சென்ற கழுதைகளின் வழிவந்தவை சுதந்திரமாகத் திரியும். கார் ஜன்னலைத் திறந்து வைத்தால் தலையை உள்ளே விட்டுவிடும். எதையும் தின்னக் கொடுக்காமல், அவை விலகும்வரை காத்திருந்து மெதுவாகக் கடந்து செல்லுங்கள்.